யாருக்குக் கீழே யார்? தமிழ்நாட்டு அலுவலகங்களும் தேர்தல்களும்

ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "போன உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் அப்பா, அம்மா பெயர் ஒரு வார்டிலும், அதே வீட்டில் இருக்கும் அண்ணன் பெயர் பக்கத்து வார்டிலும் இருந்தது. தாலுகா ஆபீஸில் கேட்டால் யூனியன் ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். யூனியனில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். தேர்தல் ஆணையம் தனி அமைப்பு என்று படித்தோம். அப்படியென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஏன் ஓர் அலுவலகம்கூட இல்லை? கலெக்டர் அரசாங்கத்து ஆள்தானே, அவர் எப்படித் தேர்தல் நடத்துகிறார்?"

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். நடுவில் பல வருடங்கள் தேர்தல் பிரிவில் இருந்தேன். இதே கேள்வியை என் மேஜைக்கு எதிரே நின்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அப்போது பின்னால் வரிசை நிற்கும், விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது. இப்போது இருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். தேர்தல் ஆணையத்துக்கு உங்கள் ஊரில் அலுவலகம் இருக்கிறது. நீங்கள் போன தாலுகா ஆபீஸ்தான் அது. சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் போய் நிற்கிற அதே கட்டடம், அதே ஆட்கள். காலையில் பட்டா மேல்முறையீட்டை விசாரிக்கிற கோட்டாட்சியர், மத்தியானம் வாக்காளர் பதிவு அலுவலராக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவார். ஆள் ஒருவர்தான், நாற்காலியும் ஒன்றுதான். ஆனால் பட்டா வேலையில் அவருக்கு மேலே இருப்பது மாநில அரசு. வாக்காளர் பட்டியலில் அவருக்கு மேலே இருப்பது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தல் என்று வந்துவிட்டால் மேலே இருப்பது மூன்றாவதாக ஒருவர், மாநிலத் தேர்தல் ஆணையம். எந்த வேலைக்காக அவர் முன்னால் நிற்கிறோம் என்பது தெரிந்தால், அவர் செய்யாதபோது அடுத்து யாரிடம் போவது என்பதும் தெரிந்துவிடும்.

சரி, மேலேயிருந்து வருவோம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கின்றன. சட்டமன்றத்தில் 234 இடங்கள். 1967 தேர்தலிலிருந்து இதே எண்ணிக்கைதான். அதில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு, ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடியினருக்கு. மேலவை என்று ஒன்று இருந்தது, 1986-ல் கலைக்கப்பட்டது. அமைச்சர்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு 2003-ல் வந்த 91-வது திருத்தம் ஒரு வரம்பு வைத்தது: சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதம். நமக்கு முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர்.

துறைக்கு ஒரு செயலாளர், எல்லாருக்கும் மேலே தலைமைச் செயலாளர். ஏதாவது ஓர் அரசாணை கையில் கிடைத்தால் அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அமைச்சரின் கையெழுத்து இருக்காது. '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று ஒரு வரி, அதற்குக் கீழே செயலாளரின் பெயர். முடிவெடுப்பது அமைச்சரும் அமைச்சரவையும்தான். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 166-வது பிரிவின்படி ஆணை வெளிவருவது ஆளுநரின் பெயரில், அதற்குச் சான்றாகக் கையெழுத்திடுவது செயலாளர்.

செயலகம் ஆணை போடும். அதை நடத்திவைப்பது துறைத் தலைமை அலுவலகங்கள். வருவாய் நிர்வாக ஆணையர் சேப்பாக்கம் எழிலகத்தில் இருப்பார், பள்ளிக்கல்வி கல்லூரிச் சாலை வளாகத்தில், மருத்துவத் துறை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். அங்கிருந்து ஒவ்வொரு துறையும் தனித்தனிக் கம்பியாக மாவட்டத்துக்கு இறங்குகிறது. மாவட்டத்தில் இந்தக் கம்பிகளை எல்லாம் ஒரு கையில் பிடித்துக்கொள்பவர்தான் கலெக்டர்.

இப்போது 38 மாவட்டங்கள். கடைசியாகப் பிறந்தது மயிலாடுதுறை, 2020-ல். கலெக்டருக்கு அடுத்து மாவட்ட வருவாய் அலுவலர். அவருக்குக் கீழே கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.; அந்த இடத்தில் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருந்தால் சார் ஆட்சியர் என்போம். அப்புறம் வட்டாட்சியர், அதாவது தாசில்தார். தாலுகாவைப் பல பிர்காக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வருவாய் ஆய்வாளர். கடைசியில் கிராம நிர்வாக அலுவலர், நம் வாயில் வி.ஏ.ஓ. அவருக்கு ஒத்தாசையாகக் கிராம உதவியாளர், பழைய ஆட்கள் இன்னும் தலையாரி என்றே கூப்பிடுவார்கள்.

இந்த ஏணி வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாணத்தில் கட்டியது, வரி வசூலுக்காக. அதனால்தான் இன்றும் நில ஆவணங்களில் பசலி ஆண்டு எழுதுகிறோம். அது ஜூலை 1-ல் தொடங்கும், ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஏணியின் கடைசிப் படியை நாம் மாற்றினோம். கர்ணம், மணியக்காரர் என்று பரம்பரையாக ஒரே குடும்பத்தில் வந்துகொண்டிருந்த பதவிகளை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டத்தால் ஒழித்தது. அதன்பிறகுதான் தேர்வெழுதி வருகிற வி.ஏ.ஓ. என்ற பதவி. எந்தச் சாதியில் பிறந்தவரும், பெண்களும், ஊர்க் கணக்கைக் கையில் வாங்க முடிந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் துறையில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மனு கொடுத்தவர்களுக்கு உபயோகமான ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்திலிருந்து வருகிற கடிதத்தின் மேலே 'ந.க. எண்' என்று இருக்கும். நடப்புக் கணக்கு எண். ஓர் எண், ஆண்டு, கூடவே அ1, ஆ3 என்று ஓர் எழுத்தும் எண்ணும். அந்த 'ஆ3'தான் உங்கள் கோப்பு இருக்கிற இருக்கை. தபால் பிரிவில் "என் மனு என்ன ஆச்சு" என்று கேட்டால் தேடித்தான் சொல்லவேண்டும். "ஆ3 யார்?" என்று கேட்டால் விரலைக் காட்டிவிடுவார்கள்.

இது வருவாய் ஏணி. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏணி இருக்கிறது, ஊரக வளர்ச்சித் துறையின் ஏணி. யூனியன் ஆபீஸ் என்று நாம் சொல்கிற ஊராட்சி ஒன்றிய அலுவலகம் அதில் வருகிறது. ஒன்றியத்தில் இரண்டு பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள், இருப்பார்கள்: ஒன்றியத்தின் வேலைகளைப் பார்க்கிறவர் வட்டார ஊராட்சிக்கு, ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பார்க்கிறவர் கிராம ஊராட்சிக்கு. தெருவிளக்கு, குடிநீர், நூறுநாள் வேலை எல்லாம் இந்தப் பக்கம். பட்டா, சான்றிதழ், முதியோர் உதவித்தொகை எல்லாம் தாலுகா பக்கம். இரண்டும் ஒரே கலெக்டரிடம் போய்ச் சேர்ந்தாலும் ஒன்றுக்கு மற்றது கீழே இல்லை. தாசில்தார் பி.டி.ஓ.வுக்கு உத்தரவு போட முடியாது.

உங்கள் அலைச்சலுக்குக் காரணம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த இரண்டு ஏணிகளின் எல்லைகளும் ஒன்றல்ல. வருவாய்க் கிராமம் என்பது நில அளவைப் புத்தகத்தில் இருக்கிற கிராமம். 16,000-க்கும் மேல் இருக்கின்றன. கிராம ஊராட்சி என்பது தேர்தல் நடக்கிற பஞ்சாயத்து. அவை சுமார் 12,500. சில ஊராட்சிகளுக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் இருக்கும், சில பெரிய வருவாய்க் கிராமங்களை இரண்டு ஊராட்சிகள் பங்குபோட்டுக்கொள்ளும். தாலுகாவும் ஒன்றியமும் அப்படித்தான், ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது. இவை எல்லாவற்றின்மேலும் சட்டமன்றத் தொகுதி என்ற மூன்றாவது கோடு ஓடுகிறது; அது 2008 மறுவரையறையில் போட்டது. ஆக, ஒரே தெருவில் இருப்பவருக்கு நில விஷயத்தில் ஓர் ஊர், பஞ்சாயத்து விஷயத்தில் ஓர் ஊர், எம்.எல்.ஏ. விஷயத்தில் வேறொரு ஊர்ப்பெயர் இருக்கலாம்.

இனி தேர்தலுக்கு வருவோம்.

அரசமைப்புச் சட்டத்தின் 324-வது பிரிவு மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களையும் அவற்றின் வாக்காளர் பட்டியலையும் இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கிறது. ஆணையம் டெல்லியில் இருக்கிறது, அதன் சொந்த ஊழியர்கள் மிகக் கொஞ்சம். ஆனால் 2021-ல் தமிழ்நாட்டில் மட்டும் ஆறு கோடிக்கும் மேல் வாக்காளர்கள், கொரோனா காலத்துக்காகப் பிரித்ததில் 88,000-க்கும் மேல் வாக்குச்சாவடிகள். இதை எந்தத் தனி அமைப்பும் தன் ஆட்களை மட்டும் வைத்து நடத்த முடியாது. அதனால் சட்டம் ஆட்களை இரவல் வாங்குகிறது. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 13சிசி பிரிவு, பட்டியல் வேலையில் இருக்கும் அதிகாரிகள் அந்த வேலை நடக்கும்வரை ஆணையத்துக்கு அயற்பணியில் வந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்கிறது. 1951-ம் ஆண்டுச் சட்டத்தின் 28ஏ பிரிவு, தேர்தல் அறிவிக்கை வந்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் வரை தேர்தல் பணியில் இருக்கும் எல்லாரையும், போலீஸ் உட்பட, அதே மாதிரி ஆணையத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவருகிறது.

"கலெக்டர் அரசாங்கத்து ஆள்தானே" என்பதற்கு இதுதான் பதில். சம்பளம் அரசாங்கத்துடையது. ஆனால் அந்த வேலையில் அவரை மாற்ற, கண்டிக்க, ஒதுக்கிவைக்க உரிமை உள்ளது ஆணையத்துக்கு. தேர்தலுக்கு முன்பே, சொந்த மாவட்டத்தில் இருக்கிற அதிகாரிகளையும், நான்கு வருடத்தில் மூன்று வருடம் ஒரே இடத்தில் இருந்தவர்களையும் வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு நானும் அப்படிப் போயிருக்கிறேன்.

ஏணி இப்படி இறங்கும். மாநிலத்தில் தலைமைத் தேர்தல் அதிகாரி. இவரும் தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரிதான், அலுவலகம் கோட்டையில், பொதுத் துறையின் தேர்தல் பிரிவு. மாவட்டத்தில் மாவட்டத் தேர்தல் அலுவலர். அது கலெக்டர், சென்னையில் மட்டும் மாநகராட்சி ஆணையர். தொகுதிக்கு ஒரு வாக்காளர் பதிவு அலுவலர், பெரும்பாலும் ஆர்.டி.ஓ. மட்டத்தில் இருப்பவர். அவருக்குக் கீழே உதவி வாக்காளர் பதிவு அலுவலர்களாகத் தாசில்தார்கள். தாலுகா ஆபீஸில் 'தேர்தல் துணை வட்டாட்சியர்' என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், நடைமுறையில் எல்லா வேலையும் அவர் மேஜையில்தான். கடைசியில், வாக்குச்சாவடிக்கு ஒருவராக பி.எல்.ஓ., வாக்குச்சாவடி நிலை அலுவலர். இவர் அங்கன்வாடிப் பணியாளராக, சத்துணவு அமைப்பாளராக, ஆசிரியராக, கிராம உதவியாளராக இருப்பார். குழந்தைகளுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டு, சாயங்காலம் வீடு வீடாகப் படிவம் கொண்டுபோகிற அந்தப் பெண்தான் தெருவில் தேர்தல் ஆணையம். இவர்களுக்குக் கிடைக்கிற மதிப்பூதியம் செய்கிற வேலைக்குக் கொஞ்சமும் காணாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாரும் வாக்குப்பதிவு நாளைத்தான் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். ஆனால் தேர்தலில் தப்பு நடக்கிற காலம் அது இல்லை, பட்டியல் தயாராகிற காலம். வாக்குப்பதிவு நாளில் வேட்பாளர்களின் முகவர்கள் இருப்பார்கள், பார்வையாளர் இருப்பார், கேமரா இருக்கும். பட்டியல் திருத்தத்தின்போது நானும் என் உதவியாளரும் மட்டும்தான் இருந்தோம். வரைவுப் பட்டியலை ஊர்தோறும் ஒட்டுவோம். நின்று படிக்கிறவர்கள் கட்சிக்காரர்கள் சில பேர், அவ்வளவுதான். நான் வேலை பார்த்த ஒரு தாலுகாவில், கணினியில் பதியும்போது ஒரு சின்னத் தெரு முழுவதும் பக்கத்துச் சாவடியின் பட்டியலுக்குப் போய்விட்டது. வரைவில் யாரும் கவனிக்கவில்லை. வாக்குப்பதிவன்று காலையில் அந்தத் தெருக்காரர்கள் வழக்கமான பள்ளிக்கூடத்துக்கு வந்து, பெயர் இல்லை என்று திரும்பினார்கள். பெயர் அடுத்த சாவடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குள் பாதிப்பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பட்டியலைக் கையில் எடுத்தால் எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். ஒரு தொகுதியைப் பல பாகங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடி. ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அதில் அடங்கும் தெருக்கள் பிரிவு எண் போட்டு வரிசையாக இருக்கும். ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் '(வ.கி) மற்றும் (ஊ)' என்று பார்ப்பீர்கள். வருவாய்க் கிராமம், ஊராட்சி. மேலே சொன்ன இரண்டு ஏணிகளும் ஒரே வரியில் கைகோக்கும் இடம் அது. அதற்கு அடுத்து வார்டு எண், தெருப் பெயர். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அண்ணன் விஷயத்தில் மறுபடி வருவேன்.

தேர்தல் தேதி அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிடும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நின்றுபோகும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், மனுவை அதில் போட்டுவிட்டு வரவேண்டும். ஏற்கெனவே தொடங்கிய வேலை நடக்கும், புதிய அறிவிப்பு இருக்காது. பறக்கும் படைகள் சாலையில் நிற்கும். ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் எடுத்துக்கொள்வார்கள், கணக்குக் காட்டினால் திருப்பித் தரவேண்டும். மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களும் மளிகைக் கடைக்காரர்களும்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதே சமயம் பணத்தால் தேர்தலே நின்றதும் இங்கேதான்: 2016-ல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் தள்ளிப்போயின, 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது, 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது.

வேட்புமனு வாங்குபவர் தேர்தல் நடத்தும் அலுவலர். சட்டமன்றத்துக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். இந்த விதிகள் இவ்வளவு இறுகியதற்கு நம் ஊரும் ஒரு காரணம். 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கவனிக்கவில்லை என்று கூட்டங்கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையே தள்ளிவைத்தார்கள். அப்போது வைப்புத்தொகை வெறும் 250 ரூபாய். இப்போது இயந்திரம் வந்துவிட்டது. ஒரு வாக்குப்பதிவு அலகில் நோட்டாவையும் சேர்த்து 16 பெயர்தான் பிடிக்கும், கூடினால் அலகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கவேண்டும்.

வாக்குப்பதிவு நாளைப் பற்றி ஒரு சில காட்சிகள் மட்டும். முந்தின நாள் மத்தியானமே இயந்திரம், அரக்கு, முத்திரை, மை, உறைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கேயே பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்கவேண்டும். காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. முகவர்கள் முன்னால் குறைந்தது 50 வாக்குப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, விவிபேட் பெட்டியில், அதாவது போட்ட வாக்கைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் பெட்டியில், இருந்த சீட்டுகளையும் எடுத்துத் தனியாகக் கட்டி, பிறகுதான் முத்திரை. அந்த அழிப்பை மறந்துவிட்டால் அன்றைக்கு அந்த வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் தொலைந்தார். ஏழு மணிக்கு வாசல் திறக்கும். முதல் அலுவலர் பட்டியலில் பெயர் பார்த்து உரக்கப் படிப்பார், முகவர்களுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக. இரண்டாமவர் விரலில் மை வைத்து 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டு அலகின் பொத்தானை அழுத்துவார்.

நேரம் முடியும்போது வரிசையில் ஆள் இருந்தால் டோக்கன் கொடுக்கவேண்டும். டோக்கனை வரிசையின் வாலிலிருந்து கொடுத்துக்கொண்டு வருவோம். கடைசியில் நிற்பவருக்கு எண் 1. ஏன் என்றால், தலையிலிருந்து கொடுக்க ஆரம்பித்தால் நீங்கள் முன்னால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருப்பார். கடைசி ஆள் கையில் எண் 1 போய்விட்டால் அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வரிசையில் இடமில்லை.

எல்லாம் முடிந்ததும் 17சி. எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கு. அதன் நகலை ஒவ்வொரு முகவருக்கும் கொடுக்கவேண்டும். வாக்கு எண்ணும் இடத்தில் இயந்திரம் காட்டும் மொத்தமும் அந்தத் தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவேண்டும். கட்சிக்காரர்கள் கூட்டத்துக்கும் கொடிக்கும் காட்டுகிற அக்கறையில் கொஞ்சம் இந்தத் தாளுக்கும் காட்டினால், பிறகு எழுகிற பாதிச் சந்தேகம் எழாது. பல முகவர்கள் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பவே மாட்டார்கள், 17சி வாங்க ஆளிருக்காது.

உள்ளாட்சித் தேர்தல் வேறு கதை. உள்ளாட்சிகளுக்கான 73, 74-வது அரசமைப்புத் திருத்தங்கள் வந்தபிறகு, 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மாநிலத் தேர்தல் ஆணையமும் வந்தன. அரசமைப்புச் சட்டத்தின் 243கே பிரிவில் பிறந்த தனி ஆணையம் அது; டெல்லி ஆணையத்துக்குக் கீழே இல்லை. இந்தத் தேர்தலிலும் கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர், ஆனால் பதில் சொல்வது கோயம்பேட்டில் இருக்கும் மாநில ஆணையத்துக்கு. களத்தில் முன்னால் வருவது தாலுகா அல்ல, யூனியன். நகரங்களில் நகராட்சி ஆணையர், பேரூராட்சிகளில் செயல் அலுவலர். கிராமத்து வாக்காளருக்கு நான்கு வாக்குகள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சிக் கவுன்சிலர். முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாமல், மற்ற இரண்டும் கட்சிச் சின்னத்தில். 2019-ல் நான்கு நிறத்தில் வாக்குச்சீட்டு. நகரத்தில் 2022-ல் இயந்திரம். கவுன்சிலர்களை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

பெண்களுக்கு 2016-லிருந்து பாதி இடங்கள். அதைப்பற்றி நிறையக் கேலி பேசுவார்கள், 'தலைவர் வீட்டுக்காரர்தான் தலைவர்' என்று. அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் முதல் வருடம் கணவர் பின்னாலேயே வந்து நின்ற தலைவிகள், மூன்றாவது வருடம் தனியாகக் கோப்போடு வந்து பி.டி.ஓ.விடம் நியாயம் கேட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் பெரிய வருத்தம் வேறு. சட்டமன்றத்துக்கு ஐந்து வருடம் முடிந்தால் சாதாரணமாகத் தேர்தல் வந்துவிடும். உள்ளாட்சிக்கும் அரசமைப்புச் சட்டம் அதே ஐந்து வருடத்தைத்தான் சொல்கிறது, ஆனால் நடப்பதில்லை. 1986-க்குப் பிறகு 1996-ல்தான் தேர்தல். 2016 அக்டோபரில் நடக்கவேண்டியதை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. பிறகு வார்டு வரையறை, வழக்கு என்று இழுத்து, 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில், மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில் நடந்தது. அந்த 27 மாவட்டங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர் கையில் போனது. ஒரு பி.டி.ஓ. தன் ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் தலைவர் இடத்தில் கையெழுத்துப் போட்டால், குழாயில் தண்ணீர் வராத தெரு யாரிடம் போய் நிற்கும்? வார்டு வரையறையும் இடஒதுக்கீடும் முடிந்தால்தான் ஆணையம் தேதி சொல்ல முடியும். அந்த வேலைகள் பெரிதும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. இரண்டு ஆணையங்களுக்கும் காகிதத்தில் ஒரே அதிகாரம். நடைமுறையில் மாநில ஆணையம் அரசின் வேகத்துக்குத்தான் நடக்க முடிகிறது.

இனி உங்கள் அண்ணன் பெயர். மாநில ஆணையம் தனியாக வாக்காளர்களைப் பதிவு செய்வதில்லை. சட்டமன்றப் பட்டியலை வாங்கி, அதை வார்டு வாரியாக வெட்டி அடுக்குகிறது. வெட்டுவது எதைப் பார்த்து? பாகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற அந்தப் பிரிவு வரியைப் பார்த்து. உங்கள் அப்பா, அம்மா பெயர் உங்கள் தெருவின் பிரிவில் இருக்கிறது. அண்ணன் பிற்பாடு 18 வயதில் சேர்ந்தபோது, படிவத்தில் தெருப்பெயர் சரியாக எழுதாததாலோ, பதிந்தவர் தவறான பிரிவைத் தேர்ந்தெடுத்ததாலோ பக்கத்துத் தெருவின் பிரிவில் விழுந்திருப்பார். சட்டமன்றத் தேர்தலில் இரண்டு பிரிவும் ஒரே பாகம், ஒரே சாவடி, அதனால் யாருக்கும் தெரியவில்லை. வார்டாக வெட்டியபோது கத்தி இரண்டு பிரிவுக்கும் நடுவே இறங்கிவிட்டது. யூனியனில் அதைத் திருத்த அவர்களுக்கு வழியில்லை, மூலப்பட்டியல் அவர்களுடையது இல்லையே. தாலுகாவில் உங்களை யூனியனுக்கு அனுப்பியது, 'வார்டு' என்ற சொல்லைக் கேட்டு. நீங்கள் "பாகம் இத்தனை, பிரிவு தப்பாக இருக்கிறது" என்று கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

செய்யவேண்டியது இது. படிவம் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்க 6, நீக்க 7, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் 8. வீட்டில் ஒருவருடைய வாக்காளர் அடையாள அட்டை எண்ணையும் குறிப்பிட்டு, அவர் இருக்கும் பிரிவிலேயே சேர்க்கும்படி எழுதுங்கள். பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம், இணையத்திலும் போடலாம். யார் உங்கள் பி.எல்.ஓ. என்று 1950-க்குப் போன் செய்தால் சொல்வார்கள். நிராகரித்தால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, அங்கேயும் ஆகாவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவேண்டாம். பட்டியலை வெட்டிய பிறகு அவசரத்தில் எதுவும் சரியாக நடக்காது. நீங்களும் 18 முடிந்துவிட்டால் அண்ணன் படிவத்தோடு உங்கள் 6-ஐயும் சேர்த்தே கொடுங்கள். தகுதி நாள் இப்போது வருடத்துக்கு நான்கு முறை: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி. தெருப்பெயரை அப்பாவின் பெயர் இருக்கிற பக்கத்தைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள்.